பாட்டி வேண்டாம் என்கிறார், அப்புறமும் மனு போடலாமா?

கேள்வி: நான் சமூகப்பணி முதுகலை (எம்.எஸ்.டபிள்யூ.) முடித்துவிட்டு சில வருடம் குழந்தைகள் திட்டத்தில் இருந்தேன். இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் முதியோர் திட்டக் களப்பணியாளர். என் பகுதியில் 74 வயதுப் பாட்டி ஒருவர், கணவர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டை இளைய மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது படுக்கை திண்ணையில், சமையல் தனி. முதியோர் உதவித்தொகையை ரேகை வைத்து வாங்கியதும் மில் வேலைக்குப் போகும் மருமகள் வாங்கிக்கொள்கிறார். போன மாதம் பாட்டியின் மேல்கையில் ரத்தம் கட்டி நீலமாக இருந்தது. கேட்டதற்கு "விழுந்துட்டேன்" என்றார், அடுத்த நிமிடமே "யார்கிட்டயும் சொல்லிராதம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாளாகச் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், கிழமை குழம்புகிறது, "இருந்து என்னத்துக்கு" என்றும் சொல்கிறார். எங்கள் ஒருங்கிணைப்பாளரோ "ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மனு போடு, இல்லாவிட்டால் கேஸை மூடு" என்கிறார். குழந்தைகள் வேலையில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், இங்கே எதுவும் பிடிபடவில்லை. படித்தபோது முதியோர் பற்றி ஒரே ஒரு பாடம்தான் இருந்தது. நான் என்ன செய்ய வேண்டும், என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

நீங்கள் கேட்டதற்கே நேராக வருகிறேன். மனு போடாதீர்கள், இப்போதைக்கு. கேஸையும் மூடாதீர்கள். உங்கள் ஒருங்கிணைப்பாளர் சொல்லும் இரண்டுமே பாட்டியைக் கேட்காமல் எடுக்கிற முடிவுகள். "யார்கிட்டயும் சொல்லிராதே" என்று அவர் சொன்னதை அப்படியே கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன பயம் இருக்கிறது என்று தெரிகிற வரைக்கும் ஒரு தாளையும் நகர்த்தாதீர்கள் என்கிறேன்.

குழந்தைகள் வேலையிலிருந்து முதியோர் வேலைக்கு வருகிற பலருக்கும் இந்தத் தடுமாற்றம் வருகிறது. அங்கே ஒரு குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாகிறது என்று தெரிந்தால் 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, குழந்தையே "சொல்லாதீங்க அக்கா" என்று அழுதாலும் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும், குழந்தைக்கு எது நல்லது என்று பெரியவர்கள் முடிவு செய்வார்கள். அந்தப் பழக்கம் கைக்குள் இருக்கும்போது 74 வயதுப் பெண்ணின் முன்னால் உட்கார்ந்தால் அதே வேகம்தான் வரும். ஆனால் அவர் ஓட்டுப் போடுகிற, வங்கிக் கணக்கு வைத்திருக்கிற, சுயமாக முடிவெடுக்க உரிமையுள்ள குடிமகள். முதியவர் துன்புறுத்தப்படுகிறார் என்று தெரிந்தவர் கட்டாயம் தகவல் சொல்ல வேண்டும் என்று மூத்த குடிமக்கள் சட்டம் சொல்லவில்லை. வயசாகிட்டா குழந்தைதானே என்று நம் ஊரில் பாசமாகச் சொல்வார்கள். வீட்டில் சொல்லட்டும், நம் வேலைக்குள் அதை விடக் கூடாது. அப்படி நினைத்த இடத்திலிருந்துதான் கேட்காமல் இடம் மாற்றுவது, கேட்காமல் கையெழுத்து வாங்குவது, அவர் எதிரிலேயே மகனிடம் "இவங்களுக்கு என்ன பிரச்சினை" என்று விசாரிப்பது எல்லாம் தொடங்குகிறது.

சட்டமே உங்கள் பக்கம்தான் நிற்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதைப் பற்றி வந்த துண்டுப்பிரசுரத்தை விட்டுவிட்டு, பிரிவுகளையே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படியுங்கள், சின்னச் சட்டம்தான். பிரிவு 5-இன்படி மனுவை அந்த முதியவரே போடலாம். அவரால் முடியாத நிலையில், அவர் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ பதிவு பெற்ற தொண்டு நிறுவனமோ போடலாம். இந்தச் சட்டப்படி மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயமும் தானாக எடுத்துக்கொள்ளலாம். அவர் அதிகாரம் கொடுத்த என்ற இடத்தை அடிக்கோடிட்டு உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் காட்டுங்கள். எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறும் பிரிவு 23-இலும் இதேதான், எழுதிக் கொடுத்தவர் விரும்பினால் அதைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்று இருக்கிறது. பாட்டி விரும்பாமல் நீங்கள் போடுகிற மனு முதல் விசாரணையிலேயே "எனக்கு ஒரு குறையும் இல்ல சாமி, என் மகன் நல்லாத்தான் பாத்துக்கிறான்" என்று முடிந்துவிடும். அன்றைக்கு ராத்திரி அவர் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும், மனு போட்டது நீங்கள்தான் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அதற்கப்புறம் உங்களை வாசலில் நிற்க விட மாட்டார்கள். அவரைப் பார்க்க வெளியிலிருந்து வருகிற ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம், அந்த வாசலும் மூடிவிடும்.

அவர் ஏன் மறைக்கிறார்? நாம் உடனே சொல்லுகிற பதில், மகன் மேல் பாசம். பாசம் இருக்கத்தான் செய்யும், ஆனால் அதோடு நிறுத்தினால் வேலை நடக்காது. மகன் வெளியே போகச் சொன்னால் எங்கே படுப்பது, பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்க விடுவார்களா, செத்தால் கொள்ளி போடுவது யார், தெருவில் நாலு பேர் என்ன பேசுவார்கள், மூத்த மகனிடம் சொல்லி அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டால் என்ன செய்வது. இந்தப் பயங்களில் சிலவற்றுக்கு உங்களிடம் பதில் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் அடுத்த சில சந்திப்புகளின் வேலை. வீட்டைத் திரும்ப வாங்குவது உங்களுக்கு நியாயமாகப் படலாம். அவருக்கு வேண்டியது மழைக்காலத்துக்கு முன்பு உள்ளே படுக்க ஒரு மூலையும் கையில் செலவுக்கு முந்நூறு ரூபாயுமாக இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்கு முதலில் அவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். வீட்டில் வைத்து முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கும். ரேஷன் கடைக்கு நடக்கும்போது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போட்டுக் காத்திருக்கும்போது, கோயில் திண்ணையில், நூறு நாள் வேலைக்குப் போகிறவரானால் அந்த இடத்தில். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற மாதிரி உட்காருங்கள், எந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று கேட்டு அந்தப் பக்கம் உட்காருங்கள், கத்தாமல் மெதுவாகப் பேசுங்கள். இதையெல்லாம் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். காது சரியாகக் கேட்காத ஒருவர் பாதிப் பேச்சுக்குச் சும்மா தலையாட்டியிருப்பார், நாம் அதை சம்மதம் என்று நோட்டில் எழுதியிருப்போம். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருகிற வரை பேசாமல் இருங்கள், அவர் கல்யாணமான கதையிலிருந்து ஆரம்பித்தாலும் குறுக்கிடாதீர்கள். அந்தக் கதையில்தான் வீடு யார் கட்டியது, எந்த மகன் யாருக்கு என்ன செய்தான், எதை எழுதிக் கொடுக்கும்போது என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் வரும். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், 1963-இல், முதியவர்கள் பழங்கதை பேசுவதை மறதிக்கும் பிதற்றலுக்கும் அடையாளமாகப் பார்க்கக் கூடாது, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொள்கிற இயல்பான வேலை அது என்று எழுதினார். களத்தில் இதை நம்பி உட்கார்ந்து பாருங்கள், படிவத்தில் இருக்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு நீங்கள் கேட்காமலே பதில் கிடைத்துவிடும்.

"உங்களை அடிக்கிறாங்களா" என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். வீட்டில் ராத்திரி நேரம் எப்படிப் போகிறது, பயமாக இருக்கிற நேரம் உண்டா, காசு கையில் தங்குகிறதா, சாப்பாடு எப்போது, கோபம் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று போங்கள். அப்புறம் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது ரொம்ப முக்கியம்: "நீங்க சொல்றத உங்களக் கேக்காம வெளிய சொல்ல மாட்டேன் பாட்டி, ஆனா உங்க உசுருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணுச்சுன்னா சும்மா இருக்க மாட்டேன், அப்பவும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதைச் சொல்லாமல் ரகசியம் காப்பேன் என்று மொட்டையாக வாக்குக் கொடுத்துவிட்டால் நாளைக்கு ஒன்று உங்கள் வாக்கு உடையும், இல்லையென்றால் அவர் உடம்பு உடையும்.

அந்த ரத்தக்கட்டைப் பற்றி. வயதானவர்களின் தோல் மெலிந்துவிடும், இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் லேசாக இடித்தாலே நீலமாகும், அதனால் பார்த்தவுடன் தீர்ப்பு எழுத முடியாது. அதே நேரம், விழுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முழங்கால், முன்கை, நெற்றி என்று எலும்பு மேடுகளில்தான் அடிபடும். மேல்கையின் உள்பக்கம், இரண்டு கையிலும் ஒரே மாதிரி, விரல் பதிந்த மாதிரி, பழையதும் புதியதுமாகச் சேர்ந்து இருந்தால் கவலைப்பட வேண்டும். மருத்துவரிடம் காட்டி, அவர் கையால் குறிப்பு எழுத வையுங்கள். நீங்கள் பார்த்ததை நீங்களும் அன்றைக்கே எழுதுங்கள், தேதி, இடம், அளவு, பாட்டி சொன்ன வார்த்தை அப்படியே. மருமகள் அடித்ததாகத் தெரிகிறது என்று எழுதாதீர்கள், அது உங்கள் ஊகம். நிஜமாகவே விழுந்திருந்தால் அதுவும் சின்ன விஷயம் இல்லை. ஏன் விழுந்தார், கண்புரையா, ராத்திரி கழிப்பறைக்கு இருட்டில் இறங்குகிறாரா, பிரஷர் மாத்திரை போட்டு எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

மறதிக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் நம் தொழிலில் இருக்கிறவர்கள் அவசரப்பட்டு முத்திரை குத்துகிறோம். சொன்னதையே சொல்கிறார், கிழமை தெரியவில்லை, அப்படியானால் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் நீங்கள் கேட்க வேண்டியது எவ்வளவு நாளாக என்பது. நாலு நாளில், ஒரு வாரத்தில் வந்த குழப்பம் என்றால், நேரத்துக்கு நேரம் மாறுகிறது என்றால், அது டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்லும் திடீர்க் குழப்பமாக இருக்கலாம், மூத்திரக் கிருமித் தொற்று, உடம்பில் நீர் வற்றிப்போவது, சோடியம் குறைவது, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை, இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சரியான வைத்தியத்தில் பெரும்பாலும் தெளியும். சில வாரங்களாக, தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எதைக் கேட்டாலும் "தெரியலம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தால் மனச்சோர்வைத் தேட வேண்டும், மனச்சோர்வு அச்சு அசலாக மறதி மாதிரியே தெரியும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வந்து, அன்றாட வேலையே தடுமாறுகிறது என்றால்தான் டிமென்ஷியா பக்கம் போக வேண்டும். அதற்கு முன்னாலும் பி-12, தைராய்டு பார்த்துவிட வேண்டும். கடை கடையாக வாங்கிப் போடுகிற தூக்க மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று அவர் சுருக்குப்பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திண்ணையில் கொசுக்கடியில் தூங்காமல் கிடக்கிற ஒருவருக்குக் கிழமை மறந்து போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மறதிக்கான பரிசோதனைத் தாள்களைக் கையாளும்போது கவனம். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கடிகாரம் வரையச் சொன்னால் அவர் தோற்பார், அது மறதியைக் காட்டாது, பள்ளிக்கூடம் போகாததைத்தான் காட்டும். இதற்காகவே ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் 1990-களில் எழுத்தறிவு இல்லாத கிராமத்து முதியவர்களுக்கென்று இந்தியில் தனியாக ஒரு மனநிலைப் பரிசோதனையை உருவாக்கினார்கள். மனச்சோர்வைப் பார்க்க, ஆம், இல்லை என்று பதில் சொல்கிற பதினைந்து கேள்விகள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோல் ஒன்று இருக்கிறது, வாயால் கேட்டே போடலாம். அதில் வருகிற எண் மருத்துவரிடம் அனுப்பலாமா என்று சொல்லும், அவ்வளவுதான், நோயை முடிவு செய்வது மருத்துவர்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாதவருக்கு எங்கே வாழ விரும்புகிறோம் என்று தெரிந்திருக்க முடியும். முடிவெடுக்கும் திறனை அந்தந்த முடிவை வைத்துத்தான் பார்க்க வேண்டும். விஷயத்தைச் சொன்னால் புரிகிறதா, இதைச் செய்தால் இப்படி ஆகும், செய்யாவிட்டால் அப்படி ஆகும் என்று எடைபோட முடிகிறதா, ஒரு முடிவைச் சொல்லி அதற்குக் காரணமும் சொல்கிறாரா, அடுத்த வாரம் கேட்டாலும் ஏறத்தாழ அதையே சொல்கிறாரா. இதெல்லாம் இருந்தால், அந்த முடிவு உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் அது அவருடைய முடிவு. அடி வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறேன் என்கிறவரைப் பார்த்துவிட்டு வருவது நெஞ்சை அறுக்கும். ஆனாலும் அடுத்த வாரமும் போக வேண்டும், வேறு வழிகள் இருக்கின்றன என்று திரும்பச் சொல்ல வேண்டும், அவர் ஒரு நாள் தயாராகும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

"இருந்து என்னத்துக்கு" என்று சொல்கிறார் என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கையிலிருந்து நழுவாத வரி. வயசானவங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள்: "செத்துப் போயிரலாம்னு நினைப்பு வருதா பாட்டி? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்று தெரிவதே பலருக்கு மூச்சு விடுகிற மாதிரி. வழியை யோசித்து வைத்திருக்கிறார் என்றால் அன்றைக்கே மனநல மருத்துவர், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், உங்களுக்கு வழிகாட்டல் வேண்டும் என்றாலும் பேசலாம். பாட்டி வேண்டாம் என்றாலும் நீங்கள் செயல்பட வேண்டிய எல்லை இதுதான். உயிருக்கு ஆபத்து, பட்டினி, பூட்டி வைப்பது, முடிவெடுக்கும் திறன் உண்மையிலேயே போய்விட்டது, இவற்றில் ஒன்று இருந்தால் அவருடைய சம்மதத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

சரி, ஒரு நாள் அவர் "ஏதாவது செய்யும்மா" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பே உங்களுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும், அன்றைக்குப் போய்த் தேடக் கூடாது. கோட்டாட்சியர்தான் தீர்ப்பாயம். மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் போடலாம், நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், விசேஷக் காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். முதலில் சமரச அலுவலரிடம் அனுப்பலாம், பாட்டி மாதிரி ஆட்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கட்டமே போதும். மகனை உட்கார வைத்து ஓர் அரசு அலுவலர் முன்னால் பேசினாலே உள்ளே ஒரு அறை கிடைத்துவிடுகிற வீடுகள் உண்டு. செட்டில்மென்டைப் பொறுத்தவரை, பத்திரத்தின் நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி முழுக்கப் படியுங்கள். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா, இல்லையென்றால் அன்றைக்கு யார் முன்னிலையில் அப்படிப் பேசினார்கள், வேறு ஏதாவது தாள் எழுதினார்களா. 2022-இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இந்தச் சட்டம் முதியவர்களைக் காப்பாற்றப் போட்டது, தாராளமாகப் பொருள் கொள்ளுங்கள் என்று சொல்லி ஒரு தாய்க்குச் சொத்தைத் திரும்பக் கொடுத்தது. அதே வருடம் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக் கொடுப்பதிலேயே அந்த நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே பத்திரத்தில் எழுதவில்லையே என்று யாராவது கை விரித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி அவருக்கு உண்டு, எண் 15100.

பலர் மறந்துவிடுவது இது: பாட்டி மூத்த குடிமகள் மட்டுமல்ல, ஒரு பெண்ணும்கூட. 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிகளுக்கு மட்டுமானதல்ல, ஒரே வீட்டில் வாழும் தாயும் அதில் வருவார், அந்த வீட்டில் வாழும் உரிமைக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவு கேட்கலாம், வீடு யார் பெயரில் இருந்தாலும். பெண்கள் உதவி எண் 181 அவருக்கும் உண்டு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையமும் உண்டு. முதியோர் உதவி எண் 14567. இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், அவரே அமுக்கிப் பேசுகிற மாதிரி அவர் போனிலும் பதிந்து வையுங்கள், வீட்டில் பார்ப்பார்கள் என்று பயந்தால் வேறு பெயர் போட்டு.

உதவித்தொகை விஷயத்தை மனு இல்லாமலே சரி செய்யப் பார்க்கலாம். 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட அந்தத் தொகை அவருடைய பணம். பணம் கொண்டுவந்து கொடுக்கும் வங்கிப் பிரதிநிதியிடம் பேசி, தெருவில் வைத்துக் கொடுக்காமல் பாட்டி வங்கிக்குப் போகிற அன்றைக்குக் கொடுக்கச் சொல்ல முடியுமா என்று பாருங்கள். அல்லது பாட்டியே நம்புகிற பக்கத்து வீட்டுப் பெண் கூட இருக்கிற நேரத்தில். பாட்டியைக் கேட்டுவிட்டுத்தான் இதையும். அந்தப் பணத்தைக் கொடுப்பதால்தான் வீட்டில் இடம் கிடைக்கிறது என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம்.

மருமகளைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு குறிப்புதான், மில்லுக்குப் போகிறார் என்று. ஷிப்ட் முடிந்து வந்து சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, அப்புறம் மாமியாரின் இருமலும் ஈரத் துணியும். அவரிடம் தனியாக ஒரு முறை பேசினீர்களா? குற்றம் சாட்டப் போகாமல், உங்களுக்கு எப்படிப் போகுது என்று கேட்கப் போங்கள். அடிப்பதற்கு எந்தக் களைப்பும் நியாயம் ஆகாது, இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் நான் பார்த்த வீடுகளில் கொடுமை என்று பெயர் எடுத்தவற்றில் ஒரு பகுதி, யாரும் மாற்று ஆள் தராத பராமரிப்பின் கடைசிக் கட்டம். அங்கே மருந்து வாங்கித் தர ஒரு ஏற்பாடு, பகலில் இரண்டு மணி நேரம் பாட்டியை வைத்துக்கொள்ள ஒரு இடம், மகனைக் கூப்பிட்டு "உங்க அம்மாவுக்கு நீங்க என்ன செய்றீங்க" என்று நேராக ஒரு கேள்வி, இவை மனுவை விட அதிகம் செய்யும். மகனை விட்டுவிட்டு மருமகளை மட்டும் விசாரிக்கிற பழக்கம் நம் துறையிலும் நிறைய இருக்கிறது, தயவுசெய்து அதில் சேராதீர்கள்.

கற்றுக்கொள்ள என்ன என்று கேட்டிருந்தீர்கள். மேலே எழுதியதிலேயே பாதி வந்துவிட்டது. உடம்பு படியுங்கள். மற்ற துறைகளில் சமூகப் பணியாளர் மருத்துவத்தை மருத்துவரிடம் விட்டுவிடலாம், இங்கே முடியாது. ஒரு முதியவரின் வீட்டுச் சண்டைக்குக் காரணம் மூத்திரம் அடக்க முடியாததாக இருக்கும், கோயிலுக்குப் போவதை நிறுத்தியதற்குக் காரணம் கண்புரையாக இருக்கும். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, எழுந்து உட்காருவது, மலம், மூத்திரத்தை அடக்குவது, சாப்பிடுவது, இந்த ஆறையும் தானாகச் செய்கிறாரா என்று பார்ப்பது 1963-இலிருந்து உலகம் முழுக்கப் பயன்படும் கட்ஸ் அளவுகோல், அதை ஒவ்வொருவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுங்கள், எங்கே சரிகிறது என்று தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்குக் கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் உங்கள் கிராமத்தில் யார் என்று கண்டுபிடித்துச் சிநேகமாகிக்கொள்ளுங்கள், 2021-இலிருந்து அவர் அந்த வீட்டுப் படி ஏறுகிறார், நீங்கள் போனால் எழுகிற சந்தேகம் அவர் போனால் எழாது. அவர் வேலைப்பளுவையும் மதியுங்கள்.

அப்புறம் சாவு. குழந்தைகள் வேலையில் எப்போதாவது வரும். இங்கே நீங்கள் பழகியவர்கள் ஒவ்வொருவராகப் போவார்கள், அடுத்த நாளே அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அதைப் பேச ஒரு ஆள் வேண்டும், நிறுவனத்துக்குள் மூத்த பணியாளர் ஒருவரோடு மாதம் ஒரு தடவையாவது கேஸ்களை உட்கார்ந்து பேசுகிற ஏற்பாட்டைக் கேளுங்கள், கெஞ்சாமல் உரிமையாகக் கேளுங்கள். அது இல்லாத இடத்தில் நல்ல பணியாளர்கள் ஒன்று மரத்துப்போகிறார்கள், இல்லை கிளம்பிவிடுகிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். இந்த வேலைக்கு உங்களைப் போல ஆட்கள் வேண்டும், நீங்கள் போய்விடக் கூடாது.

ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாயால் வாதாட வேண்டாம். பிரிவு 5, பிரிவு 23 இரண்டையும் குறிப்பிட்டு, பாட்டியின் அனுமதி இன்னும் இல்லை, ஆகவே மனு இப்போது நிற்காது என்று முதல் வரி. உடனடி ஆபத்து இருக்கிறதா என்று இந்த வாரத்துக்குள் தனியாகச் சந்தித்துப் பார்ப்பேன், மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப் போவேன், மருமகளோடும் மகனோடும் தனித்தனியாகப் பேசுவேன், நாலு வாரத்தில் திரும்ப எழுதுவேன் என்று அடுத்து. எந்த நிலை வந்தால் சம்மதம் இல்லாமலும் செயல்படுவேன் என்பதையும் எழுதி ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள் தனியாக நிற்க வேண்டி வராது. கடைசியாக, ஆஸ்பத்திரிக்குப் போக வர ஆட்டோ செலவையும் ரத்தப் பரிசோதனைச் செலவையும் அந்தத் தாளிலேயே திட்டக் கணக்கில் கேளுங்கள், உங்கள் சம்பளத்திலிருந்து போடாதீர்கள்.